கண் வரும் வரி

“சார் கையில கலை இருக்குங்க” என்று அந்த அம்மாள் சொன்னபோது நான் மறுக்கவில்லை. புதுமனை புகுவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு சாண் அகலத் தேக்குப் பலகை. அதில் உட்கார்ந்த பிள்ளையார், அவர் காலடியில் வீட்டின் பெயர். நாளிதழில் சுற்றிக் கொடுத்ததைப் பிரித்து, வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, தும்பிக்கையின் மடிப்புகளை ஆள்காட்டி விரலால் தடவிக்கொண்டேதான் அதைச் சொன்னார். கணவர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “இந்தக் காலத்துல இவ்வளவு பொறுமையா யாருங்க செதுக்குறா?” என்றார். நான் சிரித்து வைத்தேன். மிஷினில் போட்டது என்று சொல்ல இரண்டு சொல் போதும். சொல்லக் கூடாது என்று நான் முடிவெடுக்கவும் இல்லை. சொல்ல வேண்டிய நேரம் ஒன்று வந்தது. வாசலில் செருப்பைத் தேடி மாட்டுவதற்குள் அது போய்விட்டது. 900 ரூபாயை போனிலேயே அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. வாய் திறந்து ஒரு பொய் சொல்லியிருந்தால் இத்தனை நாளில் மறந்துபோயிருப்பேன். வங்கியில் கவுன்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு நாளைக்குச் சொல்வதில் எத்தனையை நினைவில் வைத்துக்கொள்கிறேன்? ஆனால் பிறர் தவறாக வந்து வைத்த ஒரு பொருளை எடுத்து என் பையில் போட்டுக்கொண்ட மாதிரி இந்தப் பாராட்டு இன்னும் கனக்கிறது. திருப்பிக் கொடுக்கலாமென்றால், யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை.

மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் உள்ள சின்ன அறையில் மிஷின் இருக்கிறது. பொழுதுபோக்குக்காரர்கள் இதை 3018 என்பார்கள். 300க்கு 180 மில்லிமீட்டர் இடத்துக்குள் ஓடும் என்பதுதான் அந்தப் பெயரின் பொருள். ஒரு அலுமினியச் சட்டம், மூன்று திருகுத் தண்டுகள், அவற்றைத் திருப்ப மூன்று மோட்டார்கள், நடுவில் வெட்டுமுனையான பிட்டைப் பிடித்துக்கொண்டு சுழலும் ஸ்பிண்டில். உள்ளங்கையளவு பலகை ஒன்று இதற்கெல்லாம் கட்டளையிடுகிறது. ஒரு மில்லிமீட்டர் நகர்வதற்கு மோட்டார் 800 அடி எடுத்து வைக்கிறது என்று முதலில் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் இடைப்பட்ட வேகத்திலேயே உலகத்தைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, ஒரு மில்லிமீட்டருக்குள் 800 அடி என்பது ஏதோ யோகசாதனை போலத் தோன்றியது. இப்போது அந்தச் சத்தம்தான் காதில் நிற்கிறது. ஸ்பிண்டிலின் இரைச்சலைக் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர், “என்ன சார், மாடியில மிக்ஸி ஓடிக்கிட்டே இருக்கு?” என்று கேட்டார். அந்த இரைச்சலுக்கு அடியில் நகரும் மோட்டார்களின் முனகல் ஒன்று உண்டு. நேர்கோட்டில் அது ஒரே சுரத்தில் நிற்கும். வளைவு வந்தால் ஒரு மோட்டாரின் குரல் இறங்க இறங்க மற்றதன் குரல் ஏறும். கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ‘ழ’ வெட்டுவதும் ‘ட’ வெட்டுவதும் எனக்கு வேறுவேறாகக் கேட்கும். ‘ட’வில் இரண்டு திடீர் மௌனங்கள். ‘ழ’ ஒரு சின்ன ஆலாபனை.

அந்தப் பிள்ளையாருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று ஒருமுறை கணக்குப் போட்டேன். முதலில் தடித்த பிட் வேண்டாத மரத்தையெல்லாம் வாரித் தள்ளும். பிறகு நுனி உருண்ட மெல்லிய பிட்டை மாட்டினால், அது பலகையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போகும், 0.15 மில்லிமீட்டர் மேலே நகரும், திரும்பி வரும். 150 மில்லிமீட்டர் உயரத்துக்கு 1,000 வரிகள். ஒரு வரிக்கு 12 நொடி. ஆக 3 மணி 20 நிமிடம். அவ்வளவு நேரமும் நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கிளாம்ப் நழுவலாம், பிட் ஒடியலாம், மரத்தூளில் பொறி விழலாம். செய்வதற்கு ஒன்றுமில்லை, எழுந்து போகவும் முடியாது. அறுத்துப் போட்ட கதிருக்குக் களத்துமேட்டில் காவல் படுக்கிறவனின் வேலை. உப்புத்தாள், பாலிஷ் எல்லாம் சேர்த்து ஐந்தரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளலாம். மரவாடியில் பொறுக்கிய தேக்குத் துண்டுக்கு 180, தாளுக்கும் பாலிஷுக்கும் 90, பிட் தேய்மானம் 80, பெட்ரோல் 50. தேக்குக்குள் இருக்கும் மணல்சத்து பிட்டின் கூரைச் சீக்கிரம் மழுக்கிவிடும், அதனால் அந்த 80 அதிகமில்லை. மிச்சம் 500. மணிக்குச் சுமார் 90 ரூபாய். எங்கள் தெருவில் வீடு கட்டுமிடத்தில் செங்கல் சுமக்கும் அக்கா இதைக் கேட்டால் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார். உபரி வருமானம் என்றுதான் வீட்டில் சொல்லி வாங்கினேன். உபரி என்பது சரிதான், வருமானம் என்பதுதான் இழுபறி. ஆனால் இந்தக் கட்டுரை அதைப் பற்றியதில்லை. 90 ரூபாய் எதற்கான கூலி என்பதில்தான் எனக்குக் குழப்பம். செதுக்கியதற்கா, காத்திருந்ததற்கா?

செதுக்கியதற்கு என்று சொல்ல முடியாது. அந்தப் பிள்ளையாரை நான் வரையவில்லை. ஒரு கோப்பாக வாங்கினேன். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குப் பல நூறு உருவங்கள் கொண்ட மூட்டை கிடைக்கிறது: கஜலட்சுமி, மயில், குதிரை, ஏசுவின் கடைசி விருந்து, கர்ஜிக்கும் சிங்கம், ஒரே உறைக்குள். யார் வடித்தது என்று எங்கும் எழுதியிருக்காது. ஏதோ ஊரில் ஒருவர் திரையில் களிமண் பிசைவது போலப் பிசைந்து செய்திருக்கலாம். யாரோ ஒருவரின் பழைய மரச்சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி ஸ்கேன் எடுத்துமிருக்கலாம். மூட்டையிலுள்ள கஜலட்சுமிக்கு இருபுறமும் இலைக்கொடி உண்டு. அது நம் கோயில் தூண்களில் ஓடும் கொடியில்லை. ஐரோப்பிய மாளிகைச் சட்டகங்களில் சுருளும் இலை. லட்சுமியின் முகமோ எந்த ஊரையும் சேராத முகம், துணிக்கடை பொம்மைக்கு இருக்குமே, அது மாதிரி. எங்கள் ஊர்ப் புதுக் குடியிருப்பு ஒன்றில் ஒரே தெருவில் மூன்று கதவுகளில் அதே முகத்தைப் பார்த்திருக்கிறேன். அவை என்னுடையவை அல்ல. கதவு முழுதும் ஓடக்கூடிய பெரிய மிஷின் வைத்திருக்கும் கடைகள் இப்போது சின்ன ஊர்களிலும் வந்துவிட்டன. ஆனால் மூட்டை ஒன்றுதான்.

அந்தக் கோப்பிலிருந்த பிள்ளையார் சதுரம். என் பலகையோ அகலம். திரையில் உருவத்தின் மூலையைப் பிடித்து இழுத்தேன். நீள அகல விகிதத்தைப் பூட்டி வைக்கும் சின்னப் பூட்டுப் படம் ஒன்று அங்கே உண்டு. அதை அவிழ்த்துவிட்டுத்தான் இழுத்தேன். பிள்ளையாரின் முகம் அகன்றது, வயிறு இன்னும் கொஞ்சம் சரிந்தது. நன்றாகத்தான் இருந்தது. செய்தது என்னவென்று பிறகுதான் உறைத்தது. சிற்பிகள் தாளம் என்பார்கள். முக நீளம் ஒரு தாளம், அது 12 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேல் அங்குலமில்லை, அந்த உருவத்துக்கென்றே பிரித்துக்கொண்ட அளவு. பெரிய தெய்வங்களுக்குப் பத்துத் தாளம், பிள்ளையாருக்கு ஐந்து தாளம். பிள்ளையார் குட்டையாக, மடியில் தூக்கி வைத்துக்கொள்ளும்படி இருப்பதன் ரகசியம் அந்த ஐந்தில்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கோலும் நூலும் பிடித்துக் காப்பாற்றிய ஒரு கணக்கை, மாடியில் லுங்கியோடு உட்கார்ந்து சுட்டுவிரலால் இழுத்துக் கலைத்தேன். கலைத்தது யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாளுக்கும் தெரியவில்லை. தாளத்தைப் பற்றிப் படித்திருந்த எனக்கே இழுக்கும்போது தெரியவில்லை. அறிவு என்பது கையில் இல்லாமல் புத்தகத்தில் இருந்தால் அது வேண்டிய நேரத்துக்கு வந்து சேராது போலிருக்கிறது.

இதைவிட என்னைத் தூங்கவிடாதது கண். சிலை செய்கிறவர்கள் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார்கள். நயனோன்மீலனம் என்று அதற்கொரு சடங்கே உண்டு. நல்ல நேரம் பார்த்து, பொன்னாலான உளியால் கண்ணைத் தொட்டுத் திறப்பது வழக்கம். அதுவரைக்கும் அது கல், உலோகம், மரம். அந்த ஒரு செயலுக்குப் பிறகு அது நம்மைப் பார்க்கிற ஒன்றாகிறது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அந்த வரிசைமுறையில் ஒரு மரியாதை இருக்கிறது. மிஷினுக்கு வரிசை உண்டு, வரிசைமுறை கிடையாது. அது பலகையின் அடியிலிருந்து ஆரம்பிக்கிறது. முதலில் மூஷிகம், பிறகு பாதம், மோதகம், வயிறு, தும்பிக்கை. அறுநூற்றுச் சொச்சமாவது வரி போகும்போது இடக்கண்ணின் கீழ் ரப்பையைத் தொடுகிறது. தொட்டுவிட்டு நிற்பதில்லை. தும்பிக்கையின் மேட்டில் ஏறி இறங்கி வலக்கண்ணின் அதே இடத்தைத் தொட்டு, காதைக் கடந்து, அலங்கார ஓரத்தைச் சீவி, திரும்பி வருகிறது. கண்ணுக்கும் ஓரத்துக் கொடிக்கும் ஒரே வேகம், ஒரே கவனம், அதாவது ஒரே கவனமின்மை. கண்ணின் உயரம் 5 மில்லிமீட்டர். ஏறக்குறைய 33 வரிகள், ஆறரை நிமிடம். அந்த ஆறரை நிமிடமும் பிள்ளையார் கீழ்ப்பாதிக் கண்ணோடு இருக்கிறார். முதல் முறை அதைப் பார்த்தபோது எழுந்து நின்றுவிட்டேன், ஏன் என்று தெரியாமல். பத்துப் பதினைந்து பிள்ளையாருக்குப் பிறகு அந்த நேரத்தில் டீ போடக் கீழே இறங்கிப் போக ஆரம்பித்தேன். காவல் இருக்க வேண்டும் என்ற விதியையும் மீறித்தான்.

அந்தப் பலகையில் என் கை செதுக்கிய இடம் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. மூன்று இடம். வீட்டின் பெயர் ‘பொன் இல்லம்’. எழுத்துகளை 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேலான பிட்டால் குழிக்கச் சொல்லியிருந்தேன். நான் தேர்ந்தெடுத்த எழுத்துருவில் புள்ளிகள் 2 மில்லிமீட்டர்தான். பிட் நுழையாத இடத்தை மென்பொருள் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும், ஒரு எச்சரிக்கைகூடத் தராது. பாலிஷ் முதல் கோட் காய்ந்த பிறகு வாசித்தேன்: ‘பொன இலலம’. என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. ஓலையில் எழுதியவர்கள் இதைத்தான் செய்தார்கள். புள்ளி வைத்தால் எழுத்தாணி ஓலையைத் துளைத்துவிடும் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். வாசிக்கிறவன் மனசால் வைத்துக்கொள்ள வேண்டும். உ.வே.சா. அப்படிப்பட்ட ஏடுகளை எதிரில் வைத்துக்கொண்டுதான் மல்லுக்கட்டினார். ஆனால் ஓலைக்காரன் புள்ளியை விட்டது ஓலையைக் காப்பாற்ற. என் மிஷின் விட்டது, அதற்கு அங்கே இடமில்லை என்பதால். கை டிரில்லில் மெல்லிய பிட்டைப் போட்டு, மூச்சை அடக்கி, மூன்று புள்ளிகளையும் வைத்தேன். நடுப்புள்ளி ஒரு மயிரிழை இடப்பக்கம் தள்ளிவிட்டது. அந்த அம்மாள் தடவிப் பார்த்தது தும்பிக்கையை. புள்ளிகளைத் தடவியிருந்தால் அவர் சொன்ன வாக்கியத்தை முழுசாக இல்லாவிட்டாலும் மூன்று புள்ளியளவுக்காவது ஏற்றுக்கொண்டிருப்பேன்.

இந்த உறுத்தல் புதியதொன்றுமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள முயன்றதுண்டு. 1834இல் எரிந்துபோன லண்டன் நாடாளுமன்றத்தைத் திரும்பக் கட்டும்போது, உள்ளே செய்ய வேண்டிய மரவேலை மலைபோலக் குவிந்தது. ஜோர்டான் என்பவர் 1845இல் காப்புரிமை வாங்கிய ஒரு செதுக்கு மிஷினைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஒரு மாதிரி உருவத்தை ஒரு முனை தடவிக்கொண்டே போக, வெட்டும் முனைகள் அதே அசைவில் பல நகல்களை ஒரே சமயத்தில் வெட்டும். கடைசி மெருகுக்குத்தான் கைச்சிற்பிகள். என் அறையில் நடப்பதும் அதேதான், மாதிரி உருவம் எண்களாக மாறிவிட்டது என்பதைத் தவிர. (எண்களைத் துளைநாடாவில் ஏற்றி வெட்டுமிஷினை ஓட்டிக் காட்டியது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில், 1952இல்.) ஜோர்டானின் மிஷின் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1849இல், கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கட்டடக்கலையைப் பற்றிய தன் ‘ஏழு விளக்குகள்’ நூலில் மிஷினில் செய்த அலங்காரத்தை ஏமாற்று வேலைகளின் பட்டியலில் சேர்த்தார். ஒரு பூவேலையைப் பார்த்து நாம் மகிழ்வதில் பாதி, அதில் ஒரு மனிதன் செலவழித்த நாட்களை உணர்வதால் வருவது. நாட்களைச் செலவழிக்காமல் அந்த மகிழ்ச்சியை மட்டும் வாங்கப் பார்ப்பது பொய் என்பது அவர் வாதம். படித்தபோது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ரஸ்கினின் அப்பா ஷெர்ரி மது வியாபாரத்தில் பெரும் பணம் சேர்த்தவர் என்பதும் நினைவுக்கு வந்தது. பெயர்ப்பலகை விற்று அவருக்கு ஆக வேண்டியது ஒன்றுமில்லை. இந்த ஆறுதல் ஒரு மாலை வரைக்கும் தாங்கியது.

ரஸ்கினைப் படித்து வாழ்க்கையையே மாற்றிக்கொண்ட காந்தி இன்னும் சிக்கலாக்குகிறார். 1924இல் டெல்லியில் ஒரு மாணவர், நீங்கள் எல்லா இயந்திரங்களுக்கும் எதிரிதானா என்று அவரிடம் கேட்கிறார். சாந்திநிகேதனில் படித்துக்கொண்டிருந்த ஜி. ராமச்சந்திரன் அவர், பின்னாளில் மனைவி சௌந்தரத்துடன் சேர்ந்து 1947இல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தைத் தொடங்கியவர். உடம்பே ஒரு நுட்பமான இயந்திரம், ராட்டையும் இயந்திரம், அப்படியிருக்க எப்படி எதிரியாவேன் என்கிறார் காந்தி. பிறகு விதிவிலக்காகச் சிங்கர் தையல் மிஷினைச் சொல்கிறார். மனைவி கையால் தைத்துத் தைத்துச் சலிப்பதைப் பார்த்துப் பொறுக்காமல், அன்பினால் ஒருவன் செய்தது என்பது அவர் சொல்லும் காரணம். அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டேன். ராட்டையில் சுழலும் கம்பிக்குத் தமிழில் கதிர் என்று பெயர். ஆங்கிலத்தில் அதற்கும் ஸ்பிண்டில்தான், என் மிஷினில் சுழல்வதற்கும் ஸ்பிண்டில்தான். பெயர் ஒன்றாகிவிட்டால் நியாயம் ஒன்றாகிவிடுமா? சிங்கருக்கு முன்னால் நோகும் கை ஒன்று இருந்தது. என் மிஷின் வருவதற்கு முன்னால் எங்கள் வீட்டில் யாரும் உளி பிடித்து நோகவில்லை. என் அப்பா கணக்குப்பிள்ளை, தாத்தாவுக்கு நிலம். உளியையும் கொட்டாப்புளியையும் நான் அதுவரை தொட்டதே கிடையாது. நான் ஒருநாளும் பட்டிராத பாட்டை மிச்சப்படுத்திக்கொள்ள ஒரு கருவி வாங்கியிருக்கிறேன். மிச்சமானது யாருடைய பாடு என்று கேட்டால் விரல் வேறு ஊரைக் காட்டுகிறது.

அந்த ஊர் ஒன்றும் தூரமில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலை அடிவாரத்தில் அரும்பாவூர். வாகை, மா, வேம்பு என்று மரம் வாங்கிச் சாமி உருவங்களும் தேர்ச்சிற்பங்களும் வாகனங்களும் செய்கிற ஊர். 2020இல் அதன் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அடுத்த வருடம் கள்ளக்குறிச்சிக்கும். குறியீடு ஊரின் பெயரைக் காப்பாற்றும். ஊரே இல்லாத ஒரு கோப்பிலிருந்து வரும் உருவத்தை அது என்ன செய்யும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை பையில் என் பிள்ளையார் பலகை ஒன்றைப் போட்டுக்கொண்டு போனேன். பாவமன்னிப்புக் கேட்கப் போகிறவனின் மனநிலை என்றுதான் சொல்ல வேண்டும். பட்டறை ஒன்றில் பெரியவர் ஒருவர் கொட்டகைக் காலில் முதுகைச் சாய்த்து, வாகைத் துண்டொன்றைப் பாதங்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு வேலை செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் முப்பது நாற்பது உளி, ஒவ்வொன்றும் ஒரு வாய். வெட்டுப்பட்ட வாகை வெளியே வெளுப்பாகவும் நடுவில் கருத்த தேன் நிறமாகவும் இருந்தது. வந்த காரணத்தைச் சொல்ல நான் திணற, “மிஷின்ல போட்டதா? குடுங்க பாப்போம்” என்று கையை நீட்டினார். கோபமோ ஏளனமோ இல்லை. வேறு ஊர் வெண்டைக்காயை வாங்கி முனை ஒடித்துப் பார்ப்பது மாதிரி வாங்கிப் பார்த்தார்.

“வேண்டாத மரத்த வாரித் தள்றதுக்கு இது நல்லதுதான் தம்பி. எங்களுக்கு அதுலயே தோள்பட்டை போயிடுது.” வாசல் வெளிச்சத்துக்குப் பலகையைச் சாய்த்தார். மறுபடி சாய்த்தார். கட்டைவிரல் நகத்தை இடக்கண்ணின் மேல் வைத்தார். “மேல் ரப்பைக்கு அடியில உள்ள வாங்கலயே.” எனக்குப் புரியவில்லை. ஒரு சின்ன உளியை எடுத்து மரத்தில் படாமல் காற்றிலேயே காட்டினார்: மேலிருந்து நேராக இறங்காமல், கீழிருந்து சாய்வாக, ரப்பையின் அடிக்குள் நுழைந்து வெளியே வருகிற ஒரு கீற்று. அப்படி உள்ளே வாங்கினால்தான் ரப்பையின் நிழல் விழியில் விழும். நிழல் விழாவிட்டால் விழி முழுக்க வெளிச்சம் பட்டு வெறிக்கும். என் மிஷினால் அது முடியாது. அதன் பிட் எப்போதும் தலைக்கு மேலிருந்து நேராகத்தான் இறங்கும். பக்கத்துக்குப் போகும், மேலும் கீழும் போகும்; குனிந்து அடியில் நுழையத் தெரியாது. மூன்று அச்சு மிஷின் எதற்கும் தெரியாது. இது எனக்கு நுட்பமாகத் தெரிந்த விஷயம்தான், அச்சு, அடிவெட்டு என்றெல்லாம் பேசவும் வரும். அந்தக் குறை கண்ணில் போய் உட்கார்ந்திருக்கிறது என்பதைத்தான் பார்த்ததில்லை. “எவ்வளவுக்குக் குடுக்குறீங்க?” என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தார். “கட்டுப்படியாகாதே தம்பி” என்றார், நிஜமான கவலையோடு. நான் அவர் பிழைப்பில் மண் போடுகிறேனோ என்று மாதக்கணக்காகக் குமைந்துகொண்டிருக்க, அவர் என் பிழைப்புக்காக வருத்தப்பட்டார். திரும்பும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது. அந்தக் குற்றவுணர்ச்சியில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. யாரையோ ஒழித்துக்கட்டும் அளவுக்கு நான் பெரிய ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாடி அறையில் எல்லாவற்றின் மேலும் தூசு. வெறும் தேக்கென்றால் தோல் பதனிட்ட மாதிரி எண்ணெய் வாசனை, மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையென்றால் மாவு மாதிரி மென்மையாக எழும்பி நாக்கின் அடியில் போய்க் கசக்கும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உறுதியானவற்றின் முதல் வகுப்பிலேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. முகக்கவசம் போட்டுக்கொள்கிறேன், பழைய வாக்குவம் கிளீனரின் குழாயைப் பிட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிறேன். ஆனாலும் மனைவி காயப் போட்ட துணியை உதறும்போது என்னை ஒரு பார்வை பார்ப்பாள். முதல் ஆறு மாதம் நான் விற்கவேயில்லை. மகளின் பெயர், நாய்க்குட்டி, ஒரு ‘அ’, அதற்குள் இன்னொரு ‘அ’. பிட் ஒடிந்தால் சிரிப்பேன். முதல் ஆர்டர் வந்த அன்றிலிருந்து பிட் ஒடிந்தால் 80 ரூபாய் ஒடிகிறது. பொழுதுபோக்கு என்பது, கெட்டுப்போனாலும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத வேலை என்று இப்போது தோன்றுகிறது. காசு வாங்கியதும் முதலில் போனது அந்தச் சுதந்திரம்தான். அது போனால் போகட்டும். பதில் சொல்ல வேண்டிய இடத்தில் சிரித்து வைத்தேனே, அதுதான்.

போன மாதம் இன்னொரு பிள்ளையார் வந்தது. அதே அளவு, பூஜை அறைக் கதவுக்கு. இந்த முறை கோப்பைத் திறந்து கண்கள் இரண்டையும் மூடினேன். அந்த இடங்களை மேடாக்கி வழவழவென்று விட்டேன். பூட்டுப் படத்தையும் அவிழ்க்கவில்லை. பலகையைத்தான் சதுரமாக அறுத்தேன். மிஷின் தன் வரிகளைப் போட்டு முடித்தது. இரண்டு மூடிய மேடுகளோடு பிள்ளையார் தூங்குகிற குழந்தை மாதிரி இருந்தார். அரும்பாவூரில் பார்த்ததைப் போலவே இருந்த கால் அங்குல உளி ஒன்றைத் திருச்சி பெரிய கடை வீதியில் வாங்கிவந்து, எண்ணெய்க் கல்லில் கூர் பிடித்து, கழிவுத் துண்டுகளில் பதினெட்டுக் கண்கள் போட்டுப் பழகினேன். நல்ல நேரம் பார்த்தேனா என்றால், பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. கீழிருந்து சாய்வாக நுழைத்து மேல் ரப்பைக்கு அடியில் வாங்க வேண்டும். வலக்கண் ஓரளவு வந்தது. சாய்த்துப் பார்த்தால் நிழல்கூட விழுந்தது. இடக்கண்ணில் தேக்கின் ரேகை எதிர்ப்பக்கம் திரும்பியிருந்ததைக் கவனிக்கவில்லை. உளி இழுத்துக்கொண்டு போய் ரப்பையின் கடைக்கோடியில் அரிசி முனையளவு பிய்ந்துவிட்டது. பசையும் தூளும் குழைத்து அடைத்தேன். பாலிஷ் போட்ட பிறகு இடக்கண் வலதைவிடச் சற்றே தாழ்ந்து, எதையோ யோசிக்கிற மாதிரி இருந்தது. வேறொன்று போட்டுவிடலாமா என்று இரண்டு நாள் அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆர்டர் கொடுத்தவர் நேரில் வந்தார். பலகையைக் கையில் வாங்கி நன்றாகப் பார்த்தார். அவர் விரலும் நேராகத் தும்பிக்கைக்குத்தான் போனது. அங்கிருந்து மேலே ஏறி, இடக்கண்ணில் வந்து நின்றது. “சார், மிஷின் இந்த எடத்துல கொஞ்சம் மிஸ் ஆயிடுச்சு போல” என்றார்.

“ஆமாங்க” என்றேன். 50 ரூபாய் குறைத்துக்கொண்டேன்.